ஆறாம் வகுப்பு சாட்ஸ்: ரைட்டிங் மார்க்கை யார் சரிபார்க்கிறார்கள்?

ஹாரோ அப்பா:
மகளுக்கு இந்த மே மாதம் சாட்ஸ் (இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி முடிவில் வரும் தேசியத் தேர்வு). ரீடிங், கணக்கு எல்லாம் வெளியில் திருத்துகிறார்கள், சரி. ரைட்டிங் மட்டும் வகுப்பு டீச்சரே முடிவு செய்கிறாராமே, பள்ளி தாராளமாக அள்ளிப் போட்டால் யார் கேட்பது?

மேசைப்பூனை:
உள்ளூர் கவுன்சில்தான். வருடத்துக்கு குறைந்தது 25% பள்ளிகளுக்கு மாடரேட்டர் (டீச்சரின் மதிப்பீட்டைச் சரிபார்ப்பவர்) போய், சில பிள்ளைகளின் நோட்டுகளை டீச்சரோடு உட்கார்ந்து புரட்டிப் பார்த்து, ஆதாரம் போதவில்லை என்றால் முடிவை மாற்றச் சொல்வார். பரீட்சை வாரத்திலும் 10% பள்ளிகளுக்காவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கேள்வித்தாள் பூட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஹாரோ அப்பா:
எங்களுடையது அகாடமி ஆச்சே அண்ணா, அரசு பணம் தந்தாலும் கவுன்சில் நடத்தாத பள்ளி?

மேசைப்பூனை:
அகாடமிக்கும் மாடரேஷன் உண்டு, எந்தக் கவுன்சில் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம் (அது எனக்கு எப்பவும் விநோதமாகத்தான் படும்). ஆனால் தரம் விழுந்தால் எச்சரிக்கை நோட்டீஸ் விடுவது கவுன்சில் நடத்தும் பள்ளிகளுக்குத்தான், அகாடமி என்றால் கல்வித் துறை பார்க்கும்.

வானம்பாடி:
பள்ளிகளின் சாட்ஸ் முடிவு அட்டவணையை மட்டும் பார்த்துப் பள்ளியை மாற்றிவிடாதீங்க. 30 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை எதிர்பார்க்கும் தரத்துக்கான 100க்குப் பதில் 99 எடுத்தாலே, அந்தத் தரத்தை எட்டியவர்களின் சதவீதம் 3 புள்ளிக்கு மேல் இறங்கிவிடும்.