சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்பைப் பயன்படுத்தலாமா?

கேள்வி: கொங்கு ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் எங்கள் குடும்பத்திற்கு ஒரு புதிய கார் வாங்கினோம். முன் இருக்கையில் பெரும்பாலும் என் தந்தையார்தான் அமர்வார். அவருக்குச் சற்றுப் பெரிய வயிறு. தோள் வழியாக வரும் பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று கூறி, ஊருக்குள் செல்லும்போது அதை அணிய மறுக்கிறார். அணியாவிட்டால் எச்சரிக்கை ஒலி விடாமல் கேட்கிறது. அவர் வராத நாள்களில் அந்த இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் அதே ஒலிதான். கார் ஆக்சசரீஸ் கடைக்காரர், பெல்ட்டைப் பூட்டும் இடத்தில் செருகிவிட்டால் ஒலி நின்றுவிடும் என்று ஒரு சிறிய உலோகக் கிளிப்பைக் காட்டினார். ஊருக்குள் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் நாங்கள் செல்வதில்லை; காரில் ஏர்பேக்கும் இருக்கிறது. இந்தக் கிளிப்பைப் போடுவதால் காருக்கு ஏதேனும் பாதிப்பு உண்டா?

பதில்: பட்டறைவாசி

காருக்குப் பாதிப்பு இல்லை, காருக்குள் இருப்பவருக்குத்தான் உண்டு. முன் இருக்கையின் மெத்தைக்கு அடியில் எடையை உணரும் ஓர் உணரி இருக்கிறது. பூட்டுக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. இருக்கையில் எடை இருந்து, பூட்டு திறந்திருந்தால் ஒலி எழும். கிளிப்பைச் செருகியதும், பெல்ட் அணிந்த ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கார் நம்பிவிடுகிறது. அந்தச் செய்தி ஒலிப்பானோடு நிற்பதில்லை. சில கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கணினியும் இதே சுவிட்சைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. பெல்ட் அணியாதவருக்கு மிதமான மோதலிலேயே பையை விரிக்கும் அது, அணிந்தவருக்குப் பெல்ட்டே போதும் என்று கருதி, அதைவிடக் கடுமையான மோதல் வரை காத்திருக்கும். அத்தகைய காரில் கிளிப்பைப் போட்டால், பெல்ட்டும் இல்லாமல், விரிய வேண்டிய நேரத்தில் பையும் விரியாமல் போகக்கூடும்.

பை விரிந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. பெல்ட் அணிந்த உடலைக் கணக்கில் வைத்துத்தான் ஏர்பேக்கை வடிவமைக்கிறார்கள். மோதலுக்கு முன் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போதே பெல்ட் இல்லாதவர் முன்னால் சரிந்து டேஷ்போர்டுக்கு அருகில் வந்துவிடுவார். கண் இமைக்கும் நேரத்திற்குள் விரியும் பை அந்த நிலையில் அவர் முகத்தையும் மார்பையும் அறைந்து காயப்படுத்தும்.

ஊருக்குள் செல்லும் வேகம் குறைவு என்கிறீர்கள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதி நிற்கும் காருக்குள், பெல்ட் அணியாதவரின் உடல் அதே வேகத்தில் தொடர்ந்து முன்னே செல்கிறது. அந்த வேகம், ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுபவர் தரையைத் தொடும் வேகத்திற்குச் சமம்.

பதில்: நெடுஞ்சாலை நண்பன்

பட்டறைவாசி சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும், ஒலியை வடிவமைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. மளிகைப் பைக்கும் மனிதருக்கும் வேறுபாடு தெரியாமல் அலறும் கருவியை மக்கள் வெறுப்பது இயல்புதானே? கிளிப் விற்பனையாவதற்கு அந்த எரிச்சலே காரணம்.

பதில்: சட்டம் படிப்பவள்

அந்த எரிச்சலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன் இருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் அணிந்தால்தான் இன்ஜின் இயங்கும் என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மக்களின் கோபம் அளவு மீறியதால், அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைச் சட்டத்தின் மூலமே விலக்கியது. எச்சரிக்கை ஒலியையும் 8 விநாடிகளுக்கு மேல் கட்டாயமாக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. எரிச்சலுக்குப் பணிந்து எடுத்த அந்த முடிவை நான் நல்ல முடிவாகக் கருதவில்லை.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் எச்சரிக்கை வசதி கட்டாயம். பெல்ட் அணியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதம். கடைக்காரர் காட்டிய கிளிப்பைப் பொறுத்தவரை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டு, அத்தகைய பொருள்களை அவற்றின் தளங்களிலிருந்து நீக்கச் செய்தது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கடைத்தெருவில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காக அதை ஏற்கத்தக்க பொருளாக எண்ணிவிட வேண்டாம்.

கொங்கு ஓட்டுநர்

விளக்கமான பதில்களுக்கு நன்றி. கிளிப் வாங்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். ஆனால் தந்தையாருக்குக் கழுத்தில் உரசுவது உண்மையான சிரமம். அதற்கு என்ன செய்யலாம்? அவரைப் பின் இருக்கையில் அமரச் சொன்னால் பெல்ட் தொல்லையே இருக்காது என்று வீட்டில் ஒரு யோசனை சொல்கிறார்கள்.

பதில்: சட்டம் படிப்பவள்

பின் இருக்கையிலும் பெல்ட் அணிய வேண்டும் என்றே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138(3) கூறுகிறது; அது பலருக்குத் தெரியாது. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் விபத்தில் இறந்தபோது பின் இருக்கையில்தான் இருந்தார். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. இருவருமே இறந்தனர், முன்னால் இருந்த இருவர் காயங்களுடன் பிழைத்தனர். அதன் பிறகே பின் இருக்கைக்கும் எச்சரிக்கை ஒலியைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை மத்திய அரசு வெளியிட்டது. மேலும், பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலின்போது முன் இருக்கையின் முதுகில் மோதி, அங்கே முறையாகப் பெல்ட் அணிந்திருப்பவரையும் நசுக்கிவிடுவார்.

பதில்: பட்டறைவாசி

உங்கள் தந்தையாரின் சிரமத்திற்கு வழி இருக்கிறது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள தூணில் பெல்ட் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பல கார்களில் அங்கே ஒரு பொத்தானை அழுத்தி அந்த வளையத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். ஒரு படி இறக்கினால் பெல்ட் கழுத்தை விட்டுத் தோளின் நடுவில் படியும். அந்த வசதி இல்லையென்றால் இருக்கையின் உயரத்தையோ சாய்வையோ மாற்றிப் பார்க்கலாம். அதிகம் சாய்க்க வேண்டாம், சாய்ந்து படுத்தவர் மோதலில் பெல்ட்டுக்கு அடியில் நழுவிவிடுவார். தோள் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே நுழைத்து அணிவதும் கூடாது. விலா எலும்புகள் முறியும். இடுப்பில் வரும் பகுதி வயிற்றின் மேல் ஏறாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும். பெரிய வயிறு உடையவர்கள் பூட்டிய பின் தோள் பகுதியை ஒருமுறை மேல்நோக்கி இழுத்துவிட்டால் தளர்வு போய்விடும்.

மளிகைப் பையை டிக்கியிலோ பின் இருக்கையின் காலடியிலோ வையுங்கள். முன் இருக்கையில்தான் வைத்தாக வேண்டுமென்றால் பையின் மேல் பெல்ட்டையே பூட்டிவிடுங்கள். ஒலியும் நிற்கும், திடீரென்று பிரேக் போட்டால் தக்காளியும் உருளாது. இருக்கை காலியாக இருக்கும்போதும் ஒலி கேட்டால் உணரியிலோ இருக்கைக்கு அடியிலுள்ள கம்பி இணைப்பிலோ பழுது இருக்கக்கூடும். அதைச் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். ஏர்பேக் கம்பிகளும் அங்கேயே செல்வதால் நீங்களாகக் கழற்ற வேண்டாம்.