வில்லு, ஏடு, பாவை, கொக்கரை: குமரி மாவட்டத்தில் கதை கேட்கப் போறவங்களுக்கு

தோவாளைக்காரர்:
வில்லுப்பாட்டை மேடைக் கச்சேரின்னு நினைச்சு ஏழு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குக் கிளம்பினா கதையே கிடைக்காது. கொடையில் (ஊர்த் தெய்வக் கோயில் விழாவில்) வில்லு ஓடுறது பூசை நேரத்தை ஒட்டித்தான். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம்னு தொடக்கப் பாட்டு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கதைக்கூறு, அதாவது கதை, ஆரம்பிக்கும். கடைசியில் வாழி (வாழ்த்து). நாட்டு வளம் வரைக்கும் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். அண்ணாவியோட (தலைமைப் பாடகரோட) திறமை தெரியறது கதைக்கூறில்தான். சாமக்கொடை (நள்ளிரவுப் பூசை) நெருங்கும்போது அந்தக் கோயில் சாமி பிறந்த இடமோ வெட்டுப்பட்ட இடமோ பாட்டில் வந்தாகணும், அப்பதான் சாமியாடிக்கு அருள் இறங்கும். பூசை தாமதமானா அண்ணாவி வர்ணனையை நீட்டுவார். பூசை முந்திட்டா நாலு பாட்டை வசனமாச் சொல்லித் தாண்டிடுவார். அதனால ஒரே அண்ணாவி ஒரே நீலி கதையை முப்பந்தல் பக்கத்தில் ஒரு நீளத்துக்கும் பறக்கைப் பக்கத்தில் இன்னொரு நீளத்துக்கும் பாடுவார். அச்சுப் புத்தகத்தை மடியில் வச்சு வரிக்கு வரி சரிபார்த்தா, கேட்கிறதும் சரிபார்க்கிறதும் ரெண்டும் கெட்டுப் போகும்.

முன்னாடி போய் உட்காருங்க, ஆனா நேர் எதிரே வேண்டாம். அண்ணாவி பாடினதை வாங்கிப் பாடுறவங்க அவருக்கு இடப்பக்கம் இருப்பாங்க. கதையில் கேள்வி கேட்டுச் சம்பவத்தைத் தெளிவுபடுத்துறதும் அவங்கதான், அவங்க குரல் விழுற பக்கம் இருந்தா முடிச்சு எல்லாம் புரியும். வில் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும், நாண் மேலே இருக்கும், வளைவில் மணிகள் தொங்கும். வீசுகோல் நாணில் விழும்போது மணி சேர்ந்து குலுங்கும். குடக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயை அடிப்பார், மறு கை குடத்தின் உடம்பில் தாளம் போடும். உடுக்கு, ஜால்ரா, கட்டை கூட இருக்கும். நள்ளிரவுக்கு மேல பனி இறங்கினா தோல் ஈரம் வாங்கித் தளரும், நாண் மந்தமாகும், உடுக்கு சத்தம் அமுங்கும். இடையில் நிறுத்திக் குழு உடுக்கை அனலில் காட்டுறதைப் பார்த்து "ஓய்வு எடுக்கிறாங்க"ன்னு எழுந்து போயிடாதீங்க. அடுத்து வர்றது பெரும்பாலும் கனமான பகுதிதான்.

பறக்கை அக்கா:
ஒலிப்பதிவு பண்றவங்க பெரும்பாலும் ஒலிபெருக்கிக் கூம்புக்கு முன்னால கருவியை வச்சிடறாங்க. வீட்டுக்கு வந்து கேட்டா மணிச் சத்தம் மட்டும்தான் இருக்கும், குரல் உடைஞ்சு போயிருக்கும். கூம்பை விட்டு விலகி, குழுவிலிருந்து அஞ்சாறு அடி தள்ளி, இடப்பக்கம் பாடுறவங்க பக்கமா வைங்க. நையாண்டி மேளம் தொடங்கினா உடனே அளவைக் குறைங்க. அதைவிட முக்கியம், சாமியாட்டத்தில் பளிச்சுன்னு விளக்கு அடிக்காதீங்க. மறுநாள் பகலில் அண்ணாவி வீட்டுக்குப் போய் "அந்தச் சாவுப் பகுதியை மட்டும் பாடுங்க"ன்னு கேட்கிறதும் சரியில்ல. அது கோயில் முன்னால பாட வேண்டியது. அவர் தயங்கினா விட்டுடணும். அதுக்குப் பதிலா, யார்கிட்ட படிச்சார், எந்தெந்தக் கோயில்களுக்கு வில்லு வைக்கிறார்னு கேளுங்க. அவர் எழுதி வச்ச நோட்டைக் காட்ட விரும்பினா, ஓரத்தில் அடிச்சுத் திருத்தின வரிகளைப் பாருங்க, அங்கதான் ஊருக்கு ஊர் மாறின இடம் தெரியும். இரவிக்குட்டிப்பிள்ளை கதையில் கணியாகுளம் போர்க்களம் வரும்போது உள்ளூர்க் குளம், தெரு, வயல் பெயர்களைச் சேர்ப்பாங்க. அந்தப் பெயர்களைத் தவறாம எழுதிக்கணும், பல இடங்கள் இப்ப வீட்டு மனையாயிட்டு.

தக்கலை வாசகர்:
இங்க தக்கலையில் பீர் முகமது அப்பா தர்காவில் ரஜப் பிறை 14 இரவு ஞானப்புகழ்ச்சி (அவர் எழுதின சூஃபிப் பாடல்கள்) பாடுறது விடிய விடிய நடக்கும். பிறைக் கணக்கு என்பதால ஒவ்வொரு வருஷமும் பத்து, பதினொரு நாள் முன்னாடி வரும், போன வருஷத் தேதியை நம்பி வராதீங்க. அப்பா தென்காசியில் பிறந்து இங்க வந்து நெசவு செஞ்சவர்னு மரபு. பாட்டு முழுக்கத் தமிழ், தத்துவச் சொற்கள் நிறைய. அர்த்தம் பிடிபடலைன்னா பாடுறவங்களைப் பாதியில் கேட்காதீங்க, விடிஞ்ச பிறகு உட்கார்ந்து பேசுவாங்க.

அய்யாவழியோட தலைமைப் பதியான (கோயிலான) சாமிதோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் திருஏடு வாசிப்பு, அதாவது அவங்க புனித நூல் அகிலத்திரட்டைப் படிக்கிறது. அகிலத்திரட்டு அம்மானை 1841இல் தாமரைகுளத்தில் எழுதப்பட்டது. வாசிப்பில் ராகம் இழுத்துப் படிக்கிறவர் ஒருவர், பொருள் சொல்றவர் இன்னொருவர்னு சில பதிகளில் இருக்கும். ஆண்கள் மேல்சட்டை கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள்ள போகணும், ஒரு துண்டு கையோடு எடுத்துட்டுப் போங்க. திருக்கல்யாண ஏடு அன்னைக்கு உட்கார இடமே கிடைக்காது. வரிகளை நிதானமாப் பின்தொடர விரும்பினா முதல் சில நாட்கள்தான் நல்லது.

நாகர்கோவில்:
தோல்பாவைக் கூத்தை விட்டுட்டீங்களே! வீட்டில் மராத்தி பேசுற குடும்பங்கள், திரைக்கு முன்னால வந்தா தமிழ். ஒருத்தரே எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் மாத்துவார், இராமாயணம் பத்து இரவு ஓடும். இப்ப பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுறவங்க அரை மணி நேரம் கொடுக்கிறாங்க. அதில் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சிரிக்க வச்சிட்டு முடிஞ்சிடும், கதை நிற்காது. கூப்பிடுறவங்க ஒரே ஒரு படலம், குறைஞ்சது ஒரு மணி நேரம்னு பேசிக்கங்க. பாவை ஆட்டுத்தோல். சுரண்டி, நீட்டிக் காயவச்சு, உளியால் துளை போட்டு வண்ணம் தீட்டினது. மழைக்காலத்தில் சுருளும், அதனால பெட்டியில் தட்டையா அடுக்கி வைப்பாங்க. பிள்ளைகள் கையில் எடுத்துக் கொடுக்கச் சொல்லாதீங்க. விளிம்பு மடிஞ்சா திரையில் நிழல் கோணலா விழும்.

மணக்குடி:
கடற்கரையில் கதை கேட்கணும்னா காலை ஏலம் முடியிற வரைக்கும் யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க. வலைக் கிழிசலைப் பொத்துற மத்தியான நேரம்தான் பேச்சு வரும். பெரியவங்க கரையில் தெரியிற மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வர வச்சு, இன்னொரு திசையிலும் அதே போல ரெண்டு குறி பிடிச்சு, கடலடியில் இருக்கிற பாரை (பாறைத் திட்டை) கண்டுபிடிக்கிறதைச் சொல்வாங்க. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர், பெயருக்குப் பின்னால ஒரு கதை இருக்கும். "அது எங்க இருக்கு"ன்னு நேரா கேட்டா சொல்லமாட்டாங்க. அது அவங்க தொழில் ரகசியம். கச்சான் (மேல்காற்று) எப்ப மாறும், கொண்டல் (கீழ்காற்று) வந்தா என்ன மீன் ஒதுங்கும்னு தொடங்குங்க. மேற்குக் கரையில் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், அப்ப ஆட்கள் கரையில் இருப்பாங்க.

தோவாளைக்காரர்:
காணிக்காரர் பழங்குடியோட சாற்றுப்பாட்டையும் சேர்த்துக்கணும். பேச்சிப்பாறைக்கு மேல உள்ள குடியிருப்புகளில் நோய் தீர்க்க, தெய்வத்தை அழைக்க இரவில் பாடுவாங்க. கொக்கரை இரும்புக் குழல், பல் வெட்டின ஓரத்தில் இன்னொரு இரும்புக் கம்பியை உரசினா வரும் ஒலிதான் தாளம். அந்த உரசல் இடைவிடாம ஓடிக்கிட்டே இருக்கணும், பிலாத்தியோட (பூசாரியோட) பாட்டு அதன் மேல நிற்கும். இதை விழாவுக்காக மேடையில் பத்து நிமிஷம் காட்டச் சொல்றது எனக்குச் சம்மதமில்ல, அது வேண்டுதல். சரணாலயப் பகுதி என்பதால வனத்துறை அனுமதி வாங்கி, மூட்டுக்காணிகிட்ட (குடியிருப்புத் தலைவர்கிட்ட) முதலில் பேசி, அவர் சொல்ற நாளில்தான் போகணும்.