தினசரி மின்வேலைக்கு மடக்குக் கத்தி: 800 ராண்டுக்குள் எது தாங்கும்?

டர்பன் கடலோரத்தில் கட்டட மின்வேலை. மடக்குக் கத்தியின் பூட்டு நிற்கவில்லை. அழுத்தினால் அலகு விரல் பக்கம் மடங்கப் பார்க்கிறது.

லைனர் லாக் (கைப்பிடியின் உள்தகடான லைனர் வளைந்து அலகின் அடியைத் தாங்கும் பூட்டு), 8 செ.மீ. அலகு, 8சிஆர்13எம்ஓவி எஃகு, 7 மாத உபயோகம். தினமும் கவசக் கேபிளின் பிவிசி உறை, ஜிப்சம் பலகை, கட்டுப்பட்டை. கேபிளின் இரும்புக் கம்பியில் பட்டால் கூர் விளிம்பு மடிந்துவிடும், அது எந்தக் கத்திக்கும் நடப்பதுதான். பூட்டுதான் தலைவலி.

கழற்றி ஜிப்சம் தூளை பிரஷ்ஷால் எடுத்தேன். பூட்டு முகத்தின் எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்தேன். டார்க்ஸ் டி8 (நட்சத்திர முனைத் திருப்புளி) போட்டு அச்சுத் திருகை இறுக்கி, திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல திரெட்லாக்கரும் வைத்தாயிற்று. இறுக்கினால் ஒற்றைக் கையால் திறக்க வரவில்லை. கால் சுற்று தளர்த்தினால் அலகு ஆடுகிறது. பூட்டுத் தகடு எதிர்ப்பக்க லைனரைத் தொடும் அளவு நகர்ந்துவிட்டது. தேய்மானம், இனி சரிவராது.

கட்டர் கத்தி வேண்டாம், பக்கவாட்டில் திருகினால் பிளேடு முறியும். டி2 எஃகில் கூர் நிற்கும், ஆனால் அது முழுத் துருவேறா எஃகு இல்லை. உப்புக்காற்றில் புள்ளி விழும். 14சி28என் எஃகு துரு தாங்கும், தீட்டவும் எளிது.

800 ராண்டுக்குள், 14சி28என் அலகும் தூசிக்கு அசராத பூட்டும் உள்ள எந்த மாடலை வாங்கலாம்?