அண்டாவில் ஓட்டை போடலாமா?

பித்தளைப்பிரியன்:
நேற்று 'மாடித்தோட்டம்' அம்மா கொடுத்த யோசனையைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை இறக்கி, அடியில் நாலு ஓட்டை போட்டு, மண் நிரப்பி மணி பிளான்ட் வைத்தால் ஹாலுக்குப் பழைய களை வந்துவிடுமாம். நாலு ஓட்டை! ஒரு நல்ல அண்டாவுக்காகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறவன் நான். இங்கே ஒருவர் ட்ரில் மெஷினோடு நிற்கிறார்.

மாடித்தோட்டம்:
அது என் மாமியார் அண்டா. உங்களுடையது இல்லை. ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். செடி வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

பித்தளைப்பிரியன்:
மாமியார் சீராகக் கொண்டுவந்தது என்றால் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்குமே, பார்த்தீர்களா? மேலே பெயர், கீழே ஓட்டை. நல்ல மரியாதை! நர்சரியில் தரும் கறுப்புத் தொட்டியோடு உள்ளே இறக்கி வைத்தால் ஓட்டை எதற்கு?

சும்மா வந்தவன்:
வைக்கலாம். வடிகிற தண்ணீர் அண்டா அடியில் நிற்கும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை ஏடிஸ் கொசுவாகிப் பறந்துவிடும். டெங்குவுக்கு ஆய்வு செய்ய வருகிறவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து அபராதம் போட்டால் நீங்கள் கட்டுவீர்களா சார்?

பித்தளைப்பிரியன்:
தொட்டியை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, வடிந்த பிறகு உள்ளே வைக்க வேண்டியதுதானே? சோம்பலுக்கு மருந்து ஓட்டையா?

கீழவீதி:
நடுவில் ஒரு சந்தேகம். அது பித்தளையா, வெண்கலமா? தாமிரத்தோடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலம் என்றால் ட்ரில் வைக்கும்போது விரிசல் விடலாம்.

மாடித்தோட்டம்:
எதுவாக இருந்தால் என்ன? செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்கிறது. நாசாவே 1989இல் சொல்லியாயிற்று.

சும்மா வந்தவன்:
நாசா சோதித்தது அடைத்த பெட்டிக்குள் அம்மா. வெளிக்காற்று வந்து போவதால் தானாக நடக்கிற சுத்தத்துக்கு ஈடுகட்ட, சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று 2019இல் கணக்கே போட்டுவிட்டார்கள். அத்தனையும் வைத்தால் நீங்கள் வாசலில்தான் படுக்க வேண்டும்.

மதுரைக்காரி:
குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். என் பேத்தி மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு வாய் எரிகிறது என்று ஒரே அழுகை.

பித்தளைப்பிரியன்:
நாசா இருக்கட்டும், பேத்தி இருக்கட்டும். அண்டாவில் ஓட்டை போடச் சொன்னது யார்? அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

மாடித்தோட்டம்:
போன கொலுவுக்கு மரப்பாச்சிக்கு வார்னிஷ் அடித்தேன் என்றதற்கும் இதே குதி குதித்தவர்தானே நீங்கள்? உங்கள் வீட்டைத்தான் பார்த்தேனே. ஊஞ்சல் பலகை நிறைய எனாமல் டிபன் கேரியர். வந்த மனுஷி உட்கார இடமில்லை, அரை மணி நேரம் நின்றுகொண்டே காபி குடித்தேன்.

பித்தளைப்பிரியன்:
நின்றீர்கள், சரி. ஏதாவது ஒரு கேரியரில் ஓட்டை பார்த்தீர்களா? மரப்பாச்சிக்கு வார்னிஷ் அடித்த கை வேறு என்ன செய்யும்!

மதுரைக்காரி:
வார்னிஷில் என்ன தப்பு? நானும்தான் அடித்தேன்.

பித்தளைப்பிரியன்:
அப்படியா? உங்களிடம் அப்புறம் வருகிறேன்.

மாடித்தோட்டம்:
சனிக்கிழமை ட்ரில் போட ஆள் வருகிறார். நாலு இல்லை, எட்டு ஓட்டை போடச் சொல்லப் போகிறேன்.

பித்தளைப்பிரியன்:
எடைக்குக் கொடுப்பதாக இருந்தால் என்ன விலை?

மாடித்தோட்டம்:
அதானே பார்த்தேன்! இத்தனை கூச்சலும் இதற்குத்தானா?

பித்தளைப்பிரியன்:
விலையைக் கேட்டால் குற்றமா? ஓட்டை போட்ட பிறகு பேரீச்சம்பழக்காரர்கூடச் சீண்ட மாட்டார்.

கீழவீதி:
பித்தளையா வெண்கலமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.