மறு: ‘ட்ரியாஜ்’ – தரம்பிரிப்பு சரிவருமா?

> அகழ்ந்தெடுத்த பொருள் குவிந்து கிடக்கும்போது எதை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் வேலைக்கு, ஆங்கிலத்தில் ‘ட்ரியாஜ்’ என்பதற்கு, தமிழில் ‘தரம்பிரிப்பு’ போதாதா?

ஐயா, போதாது. தரம்பிரிப்பு என்றால் எங்கள் ஊரில் புகையிலைதான் ஞாபகம் வரும். நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். இங்கே கிட்டத்தட்டத் தலைகீழ். பொன்காசு அகப்பட்டால் பதிந்து பூட்டிவைத்தால் சரி, நூறு வருடம் அப்படியே கிடக்கும். பக்கத்துப் பையில் உள்ள கறள் ஆணி அப்படியில்லை. மண்ணுக்குள் கிடந்தபோது ஏறிய குளோரைட்டு, ஈரக்காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். செதிள் செதிளாய்க் கழன்று, பையடியில் செந்தூள். செப்புக்காசு என்றால் ஊசிமுனை அளவில் வெளிர்பச்சைப் பொட்டு. தொட்டால் மாவாய் விரலில் ஒட்டும். இதற்குத்தான் வெண்கல நோய் என்று பெயர்.

செம்பைச் சுற்றி ஈரப்பதன் 35 சதவீதத்துக்குக் கீழே நிற்கவேண்டும், இரும்புக்கு 15க்கும் கீழே. கடல்நீரேரிக் காற்றில், அதுவும் கார்த்திகை மழையில், ஜன்னலைச் சாத்தி இது நடக்காது. இறுக்க மூடும் பெட்டி வேண்டும், சிலிக்கா ஜெல் வேண்டும், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த ஆளும் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் அகப்பட்ட பழைய எழுத்து முத்திரை போல ஒன்று கிடைத்தால் கவனிக்க ஆளுக்குக் குறைவில்லை. ஆணிக்கு யார்? ஆயிரம் பைக்கு ஐம்பது பெட்டிதான் என்றால் எவை உள்ளே போகும்? அந்தத் தீர்மானத்துக்குத்தான் சொல் தேடுகிறோம்.

அக்கா முன்பு இதற்கு எழுதிய ‘பாதுகாப்பு முன்னுரிமை’ பொருளில் சரிதான். ஆனால் பாதுகாப்பு என்றதும் இங்கே முள்ளுக்கம்பிதான் கண்ணில் வரும். ‘பேணல்’ இருக்கட்டும்.

என் முன்மொழிவு: பேணல் முந்துவரிசை. ‘பந்திக்கு முந்து’ என்கிறோமே, அந்த முந்து. பொருளின் பெறுமதியைப் பேசாது, அவசரத்தை மட்டும் சொல்லும். உப்புப் பூக்காத, கந்தரோடை அகழ்விடத்து மட்பாண்ட ஓட்டுத் துண்டு முந்துவரிசையில் கடைசி. வினையாக்கினால் ‘முந்துவரிசைப்படுத்து’, கொஞ்சம் வாய்க்குள் நுழையாதுதான்.

மறு: மறு: ‘ட்ரியாஜ்’

தம்பி, முந்து நல்லாயிருக்கு. வரிசைதான் இடிக்கிறது. வரிசை என்றால் என்றோ ஒருநாள் எல்லாவற்றுக்கும் முறை வரவேண்டும். போர்க்கள மருத்துவர்கள் காயக்காரரைப் பிரித்தபோது கைவிடவேண்டியவர்களும் ஒரு பிரிவு. நாங்களும் முழுக்கக் கறளாகிப்போன ஆணிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பதிந்துவிட்டு, அதோடு விடுகிறோம். அதற்கு முறை வராது. ‘முந்துபகுப்பு’ எப்படி?

மறு: மறு: மறு: ‘ட்ரியாஜ்’

கைவிடுவதை மறந்தே போனேன் அக்கா. பேணல் முந்துபகுப்பு. கலைச்சொல் பட்டியலில் அதையே போடுகிறேன்.