இன் லிஸ்டில் 4 பின்கோடு கொடுத்தும் ராயபுரம் மட்டும்தான் வருகிறது

தண்டையார்பேட்டை தங்கச்சி:
வணக்கம். மாமாவின் கேன் வாட்டர் கடைக்கு பிஹெச்பி மொழியிலும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலும் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். ஏரியாக்களை டிக் செய்தால் அந்தப் பின்கோடு ஆர்டர்கள் மட்டும் வர வேண்டும். டிக் செய்ததைக் கமா போட்டு ஒரே ஸ்ட்ரிங்காகச் சேர்த்து, 'வேர் பின்கோடு இன் (?)' என்ற குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) அனுப்புகிறேன். 'இன்' என்றால் இந்த லிஸ்டில் இருப்பவை; கேள்விக்குறி, மதிப்பு வந்து உட்காரும் இடம். ராயபுரம் 600013, பழைய வண்ணாரப்பேட்டை 600021, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057 என நாலும் டிக். வருவது 600013 மட்டும். எரரே இல்லை. பிஹெச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை நேரடியாகப் பார்க்கும் டூல்) எண்களைக் கையால் அடித்தால் நாலும் வருகிறது! நேற்று இந்த லிஸ்டை நம்பி வண்டி கிளம்பி, திருவொற்றியூரில் 11 வீட்டுக்கு கேன் போகவில்லை. அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மனசே சரியில்லை.

பெரம்பூர் லோகோ:
கேள்விக்குறியை எடுத்துவிட்டு ஸ்ட்ரிங்கை நேரடியாக குவெரியில் ஒட்டிவிடுங்கள். வேலை செய்யும்.

வியாசர்பாடி அண்ணன்:
ஒட்டாதேம்மா. பிரவுசரிலிருந்து வருவதை அப்படியே ஒட்டினால் யாரும் எதையும் உள்ளே நுழைத்துவிடலாம்.

ஒரு கேள்விக்குறி என்றால் ஒரே ஒரு மதிப்பு. நீ நாலு எண் அனுப்பவில்லை, '600013,600021,600019,600057' என்ற ஒரே ஸ்ட்ரிங்கைத்தான் அனுப்புகிறாய். டேபிளில் உன் பின்கோடு நெடுவரிசை (column) இன்ட், அதாவது முழு எண் வகைதானே? எண்ணோடு ஒப்பிட மைஎஸ்கியூஎல் அந்த ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும். முதல் கமா வரை படித்துவிட்டு மீதியை விட்டுவிடும். அதனால்தான் 600013. பிஹெச்பிமைஅட்மினில் அந்த ஸ்ட்ரிங்கை மேற்கோளோடு அடித்து, பிறகு ஷோ வார்னிங்ஸ் போட்டுப் பார்.

லிஸ்டில் எத்தனை பின்கோடோ அத்தனை கேள்விக்குறி வேண்டும்: இன் (?, ?, ?, ?). குவெரியை ஓட்டும் எக்ஸிகியூட்டுக்கு ஸ்ட்ரிங்கைக் கொடுக்காமல், பின்கோடுகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் அர்ரேயையே கொடு. எதுவுமே டிக் ஆகவில்லை என்றால் 'இன் ()' சின்டாக்ஸ் எரர் ஆகும், அதனால் குவெரிக்கு முன்பே நிறுத்திவிடு.

தண்டையார்பேட்டை தங்கச்சி:
வார்னிங் வந்தது அண்ணா, 'ட்ரங்கேட்டட் இன்கரெக்ட் டபுள் வேல்யூ' என்று. மாற்றியதும் நாலு ஏரியாவும் வந்துவிட்டது. ரொம்ப நன்றி. அப்புறம் இன்னொன்று: இன்று கேன் வேண்டாம் என்றவர்களைக் கழிக்க, அவர்கள் கஸ்டமர் ஐடி இருக்கும் லீவு டேபிளை வைத்து 'நாட் இன்' (அந்த லிஸ்டில் இல்லாதவர்கள்) போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை.

வியாசர்பாடி அண்ணன்:
லீவு டேபிளில் கஸ்டமர் ஐடி 'நல்' (null) ஆக ஒரு வரி இருக்கும், பார். நல் என்றால் தெரியாத மதிப்பு. உதாரணமாக, 52ஆம் நம்பர் கஸ்டமர் அந்தத் தெரியாதவர் இல்லை என்று டேட்டாபேஸால் சொல்ல முடியாது. யாரைப் பற்றியும் சொல்ல முடியாது, அதனால் எல்லோரையும் விட்டுவிடும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (இந்தக் கஸ்டமருக்கு லீவு டேபிளில் வரியே இல்லை) ஆக மாற்றி எழுது. லீவு டேபிளின் கஸ்டமர் ஐடி நெடுவரிசைக்கு, நல்லை ஏற்காதபடி 'நாட் நல்' என்றும் போட்டுவை.

தண்டையார்பேட்டை தங்கச்சி:
ஆமாம் அண்ணா, நல் ஒரே ஒரு வரியில் இருந்தது. சரி செய்துவிட்டேன். லிஸ்டையும் கடை நோட்டையும் வைத்து மாமாவும் நானும் வீடு வீடாக டிக் அடித்துப் பார்த்தோம், ஒன்றுகூட விடுபடவில்லை. காலை ஐந்தரைக்கு வண்டி முதலில் திருவொற்றியூருக்குப் போகிறது.