குசினி மேடைக்குப் பீங்கானா, கருங்கல்லா?

வெள்ளவத்தை வாணி:
நாலாம் மாடி, தொடர்மாடி வீடு. குசினி மேடையில் பழைய சின்ன டைல்ஸ். இடுக்கெல்லாம் கறுத்துப்போய், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மேசன் பாஸ் கிரனைட் போடச் சொல்கிறார். தங்கச்சி பெரிய போர்சலின் பலகை போடச் சொல்லிப் படம் படமாக அனுப்புகிறாள். எங்கள் வீட்டில் நாளும் மஞ்சள், மீன்குழம்பு, தேங்காய் உடைப்பு. எதைப் போடலாம்?

பழைய கோப்பை:
போர்சலினே போடுங்கள் அக்கா. நாம் சோறு தின்னும் பீங்கானுக்கு அண்ணன் முறை அது. கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணோடு பெல்ட்ஸ்பார் என்கிற கனிமமும் மணலும் சேர்த்து, பெரும் அழுத்தத்தில் பலகையாக்கி, 1200 பாகைக்கு மேல் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடி மாதிரி ஓடித் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கு மேல் போகாது. அப்புறம் கறை எங்கே இறங்குவது?

நம்முடைய அல்லைப்பிட்டியில் 1977இல் தொல்லியல்காரர் ஜோன் காஸ்வெல் தோண்டியெடுத்த சீனப் பீங்கான், சொங் வம்சக் காலத்தது. ஏறக்குறைய 900 வருடம் மண்ணுக்குள் கிடந்தும் மண்ணாகவில்லை.

கருங்கல் கட்சி:
தம்பி, அல்லைப்பிட்டியில் கிடைத்தவை பெரும்பாலும் துண்டுகள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வாணி அங்கே தேங்காய் உடைக்கப் போகிறார், ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. கொழும்பு நூதனசாலையில் காலிக் கல்வெட்டு இருக்கிறது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியிருக்கிறார்கள். உலகத்திலேயே நல்ல பீங்கான் செய்த ஊர்க்காரன், நிலைத்து நிற்கவேண்டிய விஷயத்தைப் பீங்கானிலா எழுதினான்? கல்லில்தானே வெட்டினான்.

பழைய கோப்பை:
சிரித்துவிட்டேன் அண்ணே. ஆனால் போய்ப் பாருங்கள், அந்தக் கல்லில் பாரசீக வரிகள் பல இடத்தில் தேய்ந்து கிடக்கின்றன. 1911இல் அதைக் கண்டெடுக்கும்போது காலியில் மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம்.

கருங்கல் கட்சி:
மதகுக்கு மூடியாகப் போட்டும் உடையவில்லை பார்த்தீர்களா. உங்கள் பலகையை ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

குசினிப் பூனை:
இரண்டு பேரும் நூதனசாலையில் இருந்து வெளியே வாருங்கள். அந்த அக்கா மீன் வெட்டவேண்டும்.

பழைய கோப்பை:
சரி, சரி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாமானின் ரகசியத்தை ஐரோப்பாக்காரர் பல நூற்றாண்டுகளாகத் தேடினார்கள். பொன் செய்து தருவதாகச் சொன்ன பொட்கர் என்கிற ரசவாதியை ஜெர்மனியின் சாக்சனி அரசன் பிடித்து அடைத்துவைத்தான். பொன் வரவில்லை, 1708இல் பீங்கான் வந்தது. 1710இல் மைசனில் தொழிற்சாலையே போட்டுவிட்டார்கள். அந்தக் கயோலின் மண் நமக்குப் புதிதில்லை, பொரலஸ்கமுவவில் இருக்கிறது. பலகையாகச் செய்வதுதான் புதிது, அது இத்தாலிக்காரர் வேலை.

சோனகத் தெரு டைல் பாஸ்:
நான் டைல்ஸ் வெட்டிப் பிழைக்கிறவன். இரண்டு பக்கமும் பாதி சரி.

சூட்டுக்குப் போர்சலின்தான். அடுப்பில் இருந்து இறக்கிய தாச்சியை அப்படியே வைக்கலாம். கல்தூளில் பிசின் சேர்த்துச் செய்கிற குவார்ட்ஸ் பலகையில் வைத்தால் உள்ளே இருக்கிற பிசின் கருகும். கிரனைட்டும் சூடு தாங்கும், ஆனால் துளையடைக்கிற சீலர் பூசாவிட்டால் எண்ணெய் குடிக்கும், வெளிர் நிறம் என்றால் வட்டம் வட்டமாகத் தெரியும்.

இப்போது போர்சலினின் குற்றம். பூ, நரம்பு எல்லாம் பெரும்பாலும் மேலே அச்சடித்தது. விளிம்பில் ஒரு செதில் போனால் உள்ளிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்கும். பளபளவென்று பொலிஷ் பண்ணிய ரகத்தில் சின்னச் சின்னத் துளைகள் திறந்துவிடும், மஞ்சள் அங்கே போய் உட்காரும். பளபளப்பில்லாத மெட் ரகம் எடுங்கள்.

போன வருடம் தெகிவளையில் ஒரு வீட்டில், அடுப்புக்கு ஓட்டை வெட்டும்போது மூலையை நேர்ச்சதுரமாக வெட்டிவிட்டான் பையன். மூலையில் முதலில் துளை போட்டு, வளைவாக எடுத்திருக்கவேண்டும். மூன்றாம் நாள் அந்த மூலையில் இருந்து மயிரிழை மாதிரி ஒரு கீறல். பலகை முழுவதும் வீண். காசு என் கையில் இருந்து போனது.

கருங்கல் கட்சி:
இதைத்தான் நானும் சொன்னேன்.

சோனகத் தெரு டைல் பாஸ்:
இல்லை அண்ணே, அது பையனின் பிழை, பலகையின் பிழையில்லை. ஆனால் வாணி அக்கா, உங்களுக்கு வேறு பிரச்சினை. 3.2 மீட்டருக்கு 1.6 மீட்டர், 12 மில்லிமீட்டர் பலகை ஒன்று 145 கிலோவுக்குக் குறையாது. லிஃப்டுக்குள் நுழையாது. கீழேயே வெட்டித் துண்டாகத்தான் ஏற்றவேண்டும். அப்போது இணைப்பு வரும். எங்கே வரவேண்டும் என்று முதலிலேயே மேசன் பாஸிடம் சொல்லுங்கள், சிங்குக்குப் பக்கத்தில் வரவே கூடாது. அடியில் மரப்பலகையோ கொங்கிறீட்டோ இல்லாமல் அந்தரத்தில் நிற்கவும் விடாதீர்கள்.

வெள்ளவத்தை வாணி:
நானா, இது தெரியாமல் லிஃப்ட்காரனோடு சண்டை பிடித்திருப்பேன். கறைப் பயம் போய்விட்டது, தேங்காய்ப் பயம் போகவில்லை.

கருங்கல் கட்சி:
தேங்காயை எந்த மேடையிலும் உடைக்காதீர்கள் பிள்ளை. கையில் பிடித்துக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டுங்கள்.

பழைய கோப்பை:
அண்ணே, இப்போது யார் கட்சி மாறினது?

கருங்கல் கட்சி:
நான் மாறவில்லை. தேங்காய் பற்றி மட்டும் சொன்னேன்.

வெள்ளவத்தை வாணி:
சனிக்கிழமை பழைய சோனகத் தெருவுக்கு வருகிறேன். மஞ்சள்தூள் ஒரு சரை, தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவருவேன். வெட்டிக் கழித்த துண்டு இரண்டு வகையிலும் எடுத்து வையுங்கள் நானா. ஒரு இரவு ஊறவைத்துப் பார்த்துவிட்டு ஞாயிறு இங்கே படம் போடுகிறேன்.